டம்மிக்கு அசையாத கால்

புதுச்சேரி பாகூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தங்கை மகன் ஊர் அணியில் ரைட் கார்னர். இந்த வருடப் போட்டிகளில் 40 தடவை பிடிக்குப் போய் 22 தடவை ஆளை நிறுத்தியிருக்கிறான். "பையன் புரோ கபடிக்குத் தேறுவானா? ஏலம் எடுக்கிறவர்கள் எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?"

எதைப் பார்க்கிறார்கள் என்பதை முதலாளிகளிடம்தான் கேட்க வேண்டும். எதைப் பார்க்கலாம் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் அந்த 22-ஐ ஓரமாக வையுங்கள். நாற்பதுக்கு இருபத்திரண்டு என்றால் 55 சதவீதம். ஆனால் நாற்பது பிடி என்பது சின்னக் கணக்கு. அதிர்ஷ்டம் மட்டுமே சுமார் 15 சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். பையனின் உண்மைத் திறன் 40 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். முன்னது ஊரோடு நிற்கும், பின்னது இந்திய அணியின் வாசலைத் தட்டும். இரண்டும் ஒரே ஸ்கோர் ஷீட்டில் ஒளிந்திருக்கின்றன.

கோடிகளில் விலை போகிறவர்கள் விஷயத்திலும் நிச்சயம் ஒன்றும் இல்லை. 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி ரெய்டர் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்தப் பருவத்தில்தான்! இருநூறு புள்ளிகளுக்கு மேல் குவித்துக் கொடுத்தவர் அறிமுக வீரர் நரேந்தர். அதே பருவத்தில் ஜெய்ப்பூர் அணியின் புதுமுக கார்னர் அங்குஷ் 89 டேக்கிள் புள்ளிகள் எடுத்து, அனுபவசாலிகள் எல்லோரையும் பின்னால் தள்ளினார்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே கூத்துதான். எறிகிற வீரரைக் காக்க அரணாக நிற்பவர் 'டேக்கிள்'. நூற்று நாற்பது கிலோ ஆள். இவரைத் தேர்ந்தெடுக்கும் முன் 40 கஜம் ஓடவிட்டு நேரம் பார்க்கிறார்கள். ஆட்டத்தில் அவர் நாலைந்து கஜத்துக்கு மேல் ஓடுவதே அபூர்வம். எளிதாக அளக்க முடிகிறது என்பதற்காக அளக்கிறார்கள், வேறென்ன?

சரி, கார்னரிடம் எதைப் பார்ப்பது? வேகத்தை என்பார்கள். கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கையோ காலோ அசைய எல்லோருக்கும் ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. நல்ல வீரருக்கும் சுமாரான வீரருக்கும் இதில் இருக்கும் வித்தியாசம் சொற்பம். அப்படியானால் சில கார்னர்கள் மட்டும் ரெய்டரின் கணுக்காலைப் பூட்டுப் போட்டது போல எப்படிப் பிடிக்கிறார்கள்?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. மூளைக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. ஒரு சைகைக்கு என்ன செய்வது என்று அது முடிவெடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சைகை வந்தால், அதை உடனே கவனிக்காது. முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்துக் கிடக்கும்.

ஒற்றை ஆள் இருக்கும் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டுக்கு பில் போட ஆரம்பித்துவிட்டார். நீங்கள் போய் "அண்ணே, எனக்கு அவசரம்" என்று கத்தினாலும் அந்த பில் முடிந்தால்தான் உங்கள் கார்டைத் தொடுவார். ரெய்டர் செய்வது இதுதான். இடது பக்கம் ஒரு டம்மி போடுகிறார். அது போலிக் கார்டு. கார்னரின் மூளை அதற்கு பில் போடத் தொடங்குகிறது. அரிசியை நிறுக்கும் நேரத்தில் ரெய்டரின் நிஜமான கால் வலது பக்கம் வந்து தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. டம்மிக்கும் நிஜத்துக்கும் இடையில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஏமாற்று நன்றாக வேலை செய்யும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தால் கடைக்காரர் இரண்டு கார்டையும் ஒரே பில்லில் போட்டுவிடுவார், ஏமாறமாட்டார். அரை விநாடி கழித்து வந்தாலோ அவர் கை காலியாகியிருக்கும். எங்கள் ஊரில் ரேஷன் கடையே பல வருடம் மூடிக் கிடந்ததே என்று புதுச்சேரிக்காரர்கள் கேட்பார்கள். அதற்கும் கபடியில் இடம் உண்டு. புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ-ஆர்-டை ரெய்டில், வெளிச்சத்திலும் கூச்சலிலும் உறைந்துபோய் நிற்கிற புதுமுகம் அந்தக் கடைதான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: இந்தத் தாமதத்தை 1931-ல் டெல்ஃபோர்ட் என்ற உளவியலாளர் பதிவு செய்தார், 1952-ல் வெல்ஃபோர்ட் அதற்கு 'ஒற்றைவழி' விளக்கம் கொடுத்தார். கபடி 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஆடிக் காட்டப்பட்டது, 1990-ல் ஆசிய விளையாட்டில் நுழைந்தது, புரோ கபடி 2014-ல் தொடங்கியது. போதும்.

ஆக, தேர்ந்த கார்னரின் ரகசியம் வேகமாக பில் போடுவதில் இல்லை. போலிக் கார்டை வாங்காமலே இருப்பதில் இருக்கிறது. பிரான்ஸ், வட அயர்லாந்து ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ரக்பி ஆய்வு இதைத்தான் காட்டியது. மெய்நிகர் திரையில் ஓடிவரும் எதிரி ஒரு பக்கம் போவது போல் காட்டி மறுபக்கம் திரும்புவார். தலை, தோள், வெளியே வைக்கும் பாதம் மூன்றும் பொய் சொல்லும். உடலின் எடை மையம் பக்கவாட்டில் எங்கே நகர்கிறது என்பது மட்டும் பொய் சொல்லாது. எடையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் பாய்வதை இயற்பியல் அனுமதிப்பதில்லை. தேர்ந்தவர்கள் அந்த உண்மையான சைகையைப் பிடித்துக்கொண்டார்கள். புதியவர்களைவிடத் தாமதமாகவே அசைந்தார்கள்.

நம் பயிற்சியாளர்கள் மைதான ஓரத்திலிருந்து "அவசரப்படாதேடா, வரட்டும், இடுப்பைப் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்துவதும் இதையே. வர்ணனையாளர்கள் 'அட்வான்ஸ் டேக்கிள்' (அவசரப்பட்டு முந்திப் பாயும் பிடி) என்று திட்டுவது போலிக் கார்டுக்கு நிறுத்துப்போட்ட அரிசியை.

மண் தரைக்கும் 'மேட்' விரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. பாகூர், வில்லியனூர்ப் பக்கம் வெறுங்காலோடு மண்ணில் ஆடும்போது ரெய்டர் சட்டென்று திரும்பினால் கால் கொஞ்சம் சறுக்கும். அந்தச் சறுக்கல் கார்னருக்கு இனாமாகக் கிடைக்கும் அவகாசம். மேட்டில், ஷூ போட்ட கால் ஒட்டிப் பிடிக்கும். டம்மி கத்தி மாதிரி வரும். மண்ணில் எடுத்த 22 பிடி மேட்டில் எத்தனை ஆகும் என்பதை மேட்டில் ஆடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்லும் என்று ஒரு செயலியை விற்க யாராவது வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வாசகருக்குச் செலவில்லாத ஒரு சோதனை. கைபேசியில் ஸ்லோ மோஷன் வையுங்கள். விநாடிக்கு 240 படம் என்றால் ஒரு படம் நாலு மில்லிசெகண்ட். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்று, பையனின் கால்களும் ரெய்டரின் இடுப்பும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி எடுங்கள். பிடித்தானா விட்டானா என்பதை எழுத வேண்டாம். ரெய்டர் போட்ட டம்மிகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குப் பையனின் குதிகால் எழும்பியது என்று மட்டும் எண்ணுங்கள். ஒரு ஆட்டத்தில் பிடிகள் மூன்றோ நாலோதான் தேறும். டம்மிகள் அதைப்போலப் பல மடங்கு. ஸ்கோர் ஷீட் பல மாதம் எடுத்துக்கொள்கிற கணக்கு இதில் சீக்கிரம் தெளியும்.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. கல்லு மாதிரி நிற்கிறவனும் இதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவான். அதனால் நோட்டில் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு, ரெய்டர் அவனைத் தொட்டுவிட்டுத் தப்பிய தடவைகளையும் குறித்து வையுங்கள்.