பெற்ற அம்மாவுக்குப் பங்கு உண்டு, அப்பாவுக்கு இல்லை… தெரியுமா?

கல்யாணமான மகன் ஒருவர் உயில் எழுதாமல் திடீரென்று இறந்துபோகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லோரும் இருக்கிறார்கள். அவர் சம்பாதித்து வாங்கிய வீடு யாருக்கு? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு சம பங்கு. மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அப்பாவுக்கு? ஒரு சதுர அடி கூடக் கிடையாது! முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் இருக்கிறார், தந்தை இல்லை. அவர் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒரே ஒருவர் உயிரோடு இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு எதுவும் வராது.

உயில் எழுதாமல் போனவருக்கு உயிலே இல்லை என்றுதானே நினைக்கிறோம்? இருக்கிறது! அவருக்காகச் சட்டம் ஏற்கெனவே ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. அதில் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

அப்பா இறக்கும்போது அம்மாவின் வயிற்றில் இருக்கும் குழந்தை, பிறகு உயிரோடு பிறந்தால், அப்பா இறப்பதற்கு முன்பே பிறந்த பிள்ளைக்குச் சமமாகப் பங்கு பெறும். சொத்துக்காகக் கொலை செய்தவருக்கு, கொலையானவரின் சொத்தில் உரிமை அடியோடு போய்விடும். இன்னொன்று கேளுங்கள். ஒரே கார் விபத்தில் அண்ணனும் தம்பியும் இறந்துவிட்டார்கள், யார் உயிர் முதலில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? மாறாக நிரூபிக்கப்படும் வரை, இளையவர்தான் பின்னால் இறந்தார் என்று வைத்துக்கொள்ள வேண்டும்! அந்தச் சில நொடிக் கணக்கில் ஒரு சொத்து ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய வழக்கு ஒன்று உண்டு. 1955-இல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் பாம்பு கடித்துக் கணவர் இறந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தார், பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், பல ஆண்டு உழைத்துச் சேமித்தார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். பெற்ற தாய் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? அவர் சம்பாதித்த பணம் கணவர் வழி வாரிசுகளுக்கே! குழந்தையும் கணவரும் இல்லாத இந்துப் பெண்ணின் சுய சம்பாத்தியம், அவரைப் பெற்றவர்களுக்கு முன்னால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும் என்பது சட்டத்தின் வரிசை. நாற்பது ஆண்டு எட்டிப் பார்க்காதவர்களும் அந்த வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். பெற்றோர் வழியாக அவருக்கு வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லையென்றால், அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஒரு வெள்ளைத்தாள், பத்து வரி, இரண்டு சாட்சிகள் இருந்திருந்தால் அந்தத் தாய் நீதிமன்றப் படியே ஏறியிருக்க வேண்டாம். சம்பாதிக்கும் பெண்கள், தனியாக வாழும் பெண்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆமாம், வெள்ளைத்தாள்தான்! உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பின்னாளில் சிக்கல் வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாகப் போடுங்கள். எண்பது வயது நண்பரைப் போட்டுவிட்டு, அவர் முன்னால் போய்விட்டால் என்ன செய்வது? போன வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலை, நேற்று வீட்டில் முறையாகச் சாட்சிகளோடு எழுதிய உயில் ரத்து செய்துவிடும் என்பதும் தெரியுமா? கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

போர்முனையில் இருக்கும் சிப்பாயும் கடலில் இருக்கும் மாலுமியும் வாயாலேயே உயில் சொல்லலாம் என்றும் சட்டத்தில் ஒரு விதி உண்டு! ஆனால் இந்துக்களுக்கு அது பொருந்தாது. கனடாவில் 1948-இல் டிராக்டருக்கு அடியில் சிக்கிக்கொண்ட ஒரு விவசாயி, எல்லாம் மனைவிக்கே என்று டிராக்டரின் மட்கார்டில் கத்தியால் கீறிவிட்டு இறந்தார். நீதிமன்றம் அதை உயிலாக ஏற்றது. அந்தத் தகட்டை ஒரு பல்கலைக்கழகத்தில் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

‘உயில்’ தமிழ்ச் சொல் என்று நினைத்தீர்களா? ஆங்கிலத்தின் ‘வில்’தான் நம் வாயில் உயில் ஆனது! பழைய இந்து தர்ம நூல்களில் இப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. சென்னைப் பட்டணத்தில் அதை ஆரம்ப காலத்திலேயே எழுதியவர்களில் ஒருவர் பச்சையப்ப முதலியார். 1794-இல் நாற்பது வயதில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், கோயில்களுக்கும் தருமங்களுக்கும் என்று சொத்தை எழுதிவைத்தார். அதன்பின் வழக்கு, வழக்குக்கு மேல் வழக்கு! அரை நூற்றாண்டு ஓடிற்று. அதற்குள் வட்டி குட்டி போட்டு, தருமச் செலவுக்கு மேல் பெருந்தொகை மிஞ்சியது. அந்த மிச்சப் பணத்தில்தான் 1842-இல் பள்ளி பிறந்தது, அதுவே பிறகு பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. ஒரு மனிதர் கடைசி நாட்களில் எழுதிய தாள் இன்றுவரை பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது!

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கதையே வேறு. டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். என்ன அழகான பெயர்கள்!

மதத்துக்கு மதம் விதியும் மாறுகிறது. முஸ்லிம் ஒருவர், கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் நடந்ததுமே ரத்தாகிவிடும். புது மாப்பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று நாடு 2005-இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு, அன்று கல்யாணமாகாத மகள்களுக்கு அதை 1989-லேயே கொடுத்துவிட்டது!

சரி, வங்கியில் நாமினி போட்டாயிற்று, கவலை இல்லை என்கிறீர்களா? நாமினி பெரும்பாலும் பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல! வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பீட்டில் மட்டும் 2015-இலிருந்து பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். தாத்தா பெயரில் ஏதாவது தூங்குகிறதா என்று ‘உத்கம்’ என்ற அதன் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் பணத்தை உரியவர் எப்போது வந்து கேட்டாலும் வாங்கலாம்.

வரி? இந்தியாவில் இன்று வாரிசு வரியே கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது! 1953-இல் வந்த மரணச் சொத்து வரி, உச்ச விகிதத்தில் 85 சதவீதம் வரை ஏறியது. நூறு ரூபாயில் எண்பத்தைந்து! கிடைத்த வருமானம் சொற்பம், வழக்குகளோ ஏராளம். 1985-இல் நிதியமைச்சர் வி.பி.சிங் அதை ஒழித்தார். ஜப்பானில் உச்ச விகிதம் 55 சதவீதம். தென்கொரியாவில் சாம்சங் தலைவர் லீ குன் ஹீ 2020-இல் இறந்தபோது குடும்பத்துக்கு வந்த வரி 12 லட்சம் கோடி வொன்னுக்கும் மேல். ஐந்து ஆண்டுத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்தார்கள். கூடவே சுமார் 23,000 கலைப்பொருட்களை நாட்டுக்குக் கொடுத்தார்கள். நமக்கு வரி, வந்த வீட்டை விற்கும்போதுதான். அப்போது உங்கள் அப்பா வாங்கிய விலைதான் உங்கள் வாங்கிய விலை. அந்தப் பழைய மூலப்பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அறக்கட்டளை என்றால் கோடீஸ்வரர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரின் ஒரே கேள்வி, நமக்குப் பிறகு யார்? 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி அவர்கள் வீட்டையோ பணத்தையோ நம்பிக்கையான அறங்காவலர்கள் கையில் வைத்து, இந்தப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று எழுதிவைக்கலாம். அறங்காவலர் தன் இஷ்டத்துக்கு அதைத் தொட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க, 1999-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் ஒரு குழுவை வைத்திருக்கிறது. அலைச்சல் பிடித்த வேலைதான். ஆனாலும் பெற்றோர் இருவரும் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், தயவுசெய்து.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகப் பிடித்தது. எழுதிய உயிலை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வைக்க இடமில்லையா? உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மேலே உங்கள் பெயரை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துவிடலாம். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் அந்த உறையை எங்கே வைக்கச் சொல்கிறது தெரியுமா? தீப்பிடிக்காத பெட்டியில்! மனம் மாறினால் நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் பதிவாளர்கள் மாறுவார்கள், உறை அப்படியே இருக்கும். நீங்கள் போன பிறகு உங்கள் மகளோ மகனோ வந்து விண்ணப்பம் கொடுக்கும் நாளில், அவர்கள் கண்ணெதிரே அந்த அரக்கை உடைப்பார்கள்.