கடைசல் உளி தீட்டும் பொறிகள்

கடைசல் உளி தீட்டும் பொறிகள் என்பன, மரக்கடைசலில் மழுங்கிய உளிகளை மின்விசையால் மீண்டும் கூராக்கும் கருவிகள் ஆகும். உலர் சாணைப் பொறி, ஈரச் சாணைப் பொறி, பட்டைச் சாணைப் பொறி ஆகியன இவற்றின் முதன்மை வகைகள்.

தேவை

கடைசல் உளி, தச்சரின் கையுளியை விட விரைவில் மழுங்குகிறது. 200 மி.மீ. விட்டமுள்ள மரக்கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்றுகள் சுழன்றால், அதன் விளிம்பில் வைத்த உளியை ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 628 மீட்டர் மரம் கடந்து செல்கிறது. எனவே ஒரே கிண்ணத்தைக் கடைந்து முடிப்பதற்குள் பலமுறை தீட்ட நேரிடலாம். மழுங்கிய உளி மர இழைகளை வெட்டாமல் பிய்க்கும். அதனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் விபத்துக்கான வாய்ப்பும் கூடும்.

உலர் சாணைப் பொறி

இதில் மின்னோடியின் அச்சில் சாணைச் சக்கரம் நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2850 சுற்றுகளும், மெதுவான வகை 1425 சுற்றுகளும் சுழலும். 200 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு வேகம் முறையே நொடிக்கு 30 மீட்டர், 15 மீட்டர் ஆகும்.

உராய்வு வெப்பம் ஏறத்தாழ 200 பாகை செல்சியசைக் கடந்தால் கார்பன் எஃகு பதம் இழக்கத் தொடங்கும். இன்றைய கடைசல் உளிகள் பெரும்பாலும் அதிவேக எஃகால் ஆனவை. இவ்வெஃகு 500 பாகைக்கு மேலும் கடினத்தன்மையைத் தக்கவைப்பதால், விளிம்பு சற்று நீலநிறம் கொண்டாலும் உளி கெட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

1957 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கனசதுர போரான் நைட்ரைடு பூசிய உலோகச் சக்கரங்களும் இப்போது பயன்படுகின்றன. இவற்றின் விட்டம் தேய்வால் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை.

ஈரச் சாணைப் பொறி

சுவீடனின் டோர்மெக் பொறி இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. 250 மி.மீ. கல், நீர்த்தொட்டியில் நனைந்தபடி நிமிடத்துக்கு 90 சுற்றுகள் சுழலும். விளிம்பு வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் மட்டுமே என்பதால் உளி சூடேறுவதில்லை. ஆயினும் உளியின் வடிவத்தை மாற்றியமைக்க நெடுநேரம் ஆகும். கல் தேயத்தேய கோண அமைப்பையும் சரிசெய்ய வேண்டும்.

பட்டைச் சாணைப் பொறி

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ராபர்ட் சோர்பி நிறுவனத்தின் புரோஎட்ஜ் இவ்வகையைச் சார்ந்தது. இதில் சுழலும் உப்புத்தாள் பட்டை உளியைத் தீட்டுகிறது. வேறு பருமையுள்ள பட்டையை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த பட்டைகளுக்கு மாற்று வாங்குவது தொடர்செலவாகும்.

சக்கரம் உளியின் சரிவுமுகத்தைச் சற்றுக் குழிவாகவும், பட்டை தட்டையாகவும் தீட்டும். 200 மி.மீ. சக்கரத்தில் தீட்டிய 10 மி.மீ. நீளச் சரிவுமுகத்தில் குழிவின் ஆழம் 0.125 மி.மீ. மட்டுமே.

தேர்வு

பொறியின் வகையை விட, ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் தீட்டுவதே முதன்மையானது. கோணம் மாறாவிடில் சில நொடிகள் தீட்டினாலே போதும். மாறினால் சரிவுமுகம் முழுவதையும் தேய்க்க நேர்ந்து எஃகு வீணாகும். உளியைக் குறித்த தொலைவிலும் கோணத்திலும் நிறுத்தும் பிடிகருவி இதற்கு உதவுகிறது. ஆகவே பிடிகருவியுடன் கூடிய எளிய உலர் சாணைப் பொறியே பலருக்குப் போதுமானது. கார்பன் எஃகு உளிகளை மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு ஈரச் சாணைப் பொறி ஏற்றது.

பாதுகாப்பு

விரிசலுள்ள கல் சுழலும்போது சிதறக்கூடும். பொருத்துமுன் கல்லை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் தெளிவாக ஒலிக்கும். கல்லில் குறித்த வேக வரம்பை மீறக்கூடாது. கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. தீப்பொறி விழும் இடத்தில் மரத்தூள் தேங்கவிடக்கூடாது.