காயத்தை எண்ணிப் பார்த்த பெண்கள்... பெயர் மட்டும் எங்கே?

போரில் ஒரு வீரருக்குப் பலத்த காயம். யாரிடம் போவார்? படையோடு வந்த மருத்துவரிடம்னு நினைப்பீங்க.

சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானியப் பழங்குடி மக்களிடையே கதை வேறு. காயம்பட்டவர்கள் போனது தாயிடம், மனைவியிடம்!

எப்படித் தெரியும்?

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98ஆம் ஆண்டுவாக்கில் எழுதிய 'ஜெர்மானியா' எனும் நூலில் அந்தத் தகவல் இருக்கிறது. வெட்டுக்காயங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க அந்தப் பெண்கள் தயங்கவில்லையாம். போர்க்களத்துக்கு உணவும் கொண்டுபோனார்களாம்.

கெல்ட்டிய மக்களிடையே?

இன்றைய பிரான்ஸின் பிரிட்டனி கரைக்கு அருகே ஒரு சின்னத் தீவு. அங்கு 9 பெண் பூசாரிகள் இருந்தார்கள், வேறெங்கும் குணமாகாத நோயையும் அவர்கள் தீர்ப்பார்கள் என்று மக்கள் நம்பினார்கள். இதை எழுதியவர் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியர் பொம்போனியஸ் மேலா.

அயர்லாந்தின் பழங்கதைகளில் நோய் தீர்க்கும் தெய்வத்தின் பெயர் பிரிஜிட். அதே பெயர் கொண்ட புனிதர் பிரிஜிட்டின் நாளையொட்டி அங்கு 2023 முதல் பொது விடுமுறை விடப்படுகிறது.

ஒன்றைக் கவனிச்சீங்களா?

டாசிட்டஸ், மேலா இருவருமே ஆண்கள். அதுவும் வெளியாட்கள். வைத்தியம் பார்த்த பெண்கள் தங்கள் கைப்பட எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் அறிவு வாய்வழியாகத்தான் போனது.

பல நூற்றாண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1775இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் வித்தரிங்கிடம் ஒரு கைவைத்தியம் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ராப்ஷர் வட்டாரத்து மூதாட்டி ஒருவர் ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. அதில் 20 அல்லது அதற்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது 'ஃபாக்ஸ்குளோவ்' செடிதான் என்று வித்தரிங் கண்டுகொண்டார். 10 ஆண்டு நோயாளிகளிடம் சோதித்து, 1785இல் நூலாக வெளியிட்டார்.

இன்று?

அந்தச் செடி வகையிலிருந்து கிடைக்கும் 'டைஜாக்சின்' மருந்து இன்றும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. (செடி நச்சுத்தன்மை உடையது. வீட்டில் முயன்று பார்க்காதீங்க!)

வித்தரிங்கின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது. மூதாட்டியின் பெயரை அவர் குறிப்பிடவே இல்லை.

அடுத்த முறை "இதைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று படிக்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்க...

அவருக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தது யார்?