மருந்து மாறினால் தலை ஏன் வலிக்கிறது?

தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்கள். புற்றுநோயாளிகள் சிலருக்கு இந்தப் பழமொழி தலைகீழாகப் பலிக்கிறது. எலும்பைக் குடைந்த வலி அடங்கிவிடுகிறது. ஆனால் தலை இடிக்கத் தொடங்குகிறது. விசாரித்தால், மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்த மார்ஃபின் மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் முன்பு ஃபென்டனில் என்னும் மருந்தடங்கிய ஒட்டுப்பட்டையை மார்பில் ஒட்டியிருப்பார்கள். "புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதை உரித்தெறிய நினைப்பவர்கள் உண்டு. "மருந்து போதவில்லை" என்று இன்னொரு பட்டையையும் ஒட்ட நினைப்பவர்களும் உண்டு. காரணம் தெரியாமல் செய்தால் இரண்டுமே ஆபத்து.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினி ஆகிறது. அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செர்ட்டுர்னர் என்ற இளம் ஜெர்மானிய மருந்தாளர். ஃபென்டனிலோ செடியில் கிடைப்பதன்று; பெல்ஜியத்தில் பால் யான்சென் 1960-இல் சோதனைச்சாலையில் உருவாக்கியது. பிறப்பு வேறானாலும் இவை போய்ச் சேரும் இடம் ஒன்றே. நரம்பணுக்களின் மேல் இவற்றைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன என்பது 1973-இல் புலனாயிற்று. ஒரு செடியின் பாலுக்கு நம் மூளையில் எதற்காக இருக்கை? அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் 1975-இல் விடை கண்டார்கள். வலியைத் தணிக்க உடலே என்கெஃபலின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதற்கான இருக்கையில்தான் அபினி வந்து அமர்ந்துகொள்கிறது.

பூட்டு ஒன்றுதானே, சாவியை மாற்றினால் என்ன என்று கேட்கலாம். சாவிகளின் வலிமை ஒன்றல்ல. நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை சாப்பிடுபவருக்கு, மணிக்கு 25 மைக்ரோகிராம் ஃபென்டனில் கசியும் பட்டை ஏறத்தாழ ஈடாகும். கணக்கிட்டுப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் 600 மைக்ரோகிராம், அதாவது 0.6 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு! இத்தகைய ஈட்டு அட்டவணைகள் மருத்துவர்களிடம் உண்டு. ஆனால் அவை பலரின் சராசரி. உங்கள் தாத்தாவின் உடலை அளந்து எழுதியவை அல்ல. மேலும், பழைய மருந்துக்குப் பழகி மரத்துப்போன உடல் புது மருந்துக்கும் அதே அளவு பழகியிருப்பதில்லை. அதனால் அட்டவணை சொல்லும் அளவில் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்தே பெரும்பாலும் தொடங்குவார்கள்.

இந்தக் குறைப்பு சிலருக்கு அதிகமாகிவிடும். அப்போது உடல் பழைய மருந்தைத் தேடித் தவிக்கிறது. கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்செறிதல், வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றோடு தலைவலியும் சேர்ந்து வரும். பட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து தோலைக் கடந்து இரத்தத்தில் போதிய அளவு சேர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எனவேதான் முதல் 12 மணி நேரத்துக்கு மாத்திரையையும் தொடரச் சொல்கிறார்கள். பட்டை ஒட்டிய கையோடு மாத்திரையை நிறுத்தியவர் நடுவில் வெறும் கையோடு நிற்கிறார்.

அளவு மிஞ்சினாலும் தலை வலிக்கும் என்பதுதான் விந்தை. முகுளத்திலுள்ள மூச்சு மையத்தை இம்மருந்துகள் மந்தப்படுத்துகின்றன. மூச்சு குறைந்தால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்குகிறது. அது தேங்கத் தேங்க மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கபாலமோ எலும்புப் பெட்டி, விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி வலிக்கிறது. உறக்கத்தில் மூச்சு இன்னும் குறைவதால், விழித்தெழும்போது இவ்வலி கடுமையாக இருக்கும். இதையும் "மருந்து போதாத வலி" என்று எண்ணி அளவைக் கூட்டினால் மூச்சே நின்றுபோகலாம். பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைத்தாலும், கடுங்காய்ச்சல் அடித்தாலும் மருந்து வேகமாக உள்ளே இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டையும் வேறுபடுத்துவது எப்படி? மருந்து போதாதவர் அமைதியின்றிப் புரளுவார், கண்பாவை விரிந்திருக்கும். மருந்து மிஞ்சியவர் தூங்கி வழிவார். கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். மூச்சு எண்ணிக்கை குறைந்திருக்கும். தட்டியெழுப்பியும் விழிக்காவிட்டால் பட்டையை உடனே உரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டும். உரித்த பிறகும் தோலில் தேங்கிய மருந்து இறங்கிக்கொண்டேயிருக்கும். இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும். நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் பட்டையின் மருந்து அதைவிட நெடுநேரம் தங்குவதால் அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்க நேரும்.

எல்லாத் தலைவலியும் இவ்வளவு அச்சத்துக்குரியதன்று. மார்ஃபினும் கோடீனும் உடலில் ஹிஸ்டமைனை வெளிப்படுத்துவதால், அவற்றுக்கு மாறும் சிலருக்கு முகம் சிவந்து, அரிப்பெடுத்து, தலை கனக்கும். டிரமடால் வலி ஏற்பிகளோடு செரட்டோனின் என்ற நரம்புப் பொருளையும் தொடுகிறது. மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது தவறு. பூப்ரினார்ஃபினோ ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டு பாதி வேலைதான் செய்யும். மார்ஃபின் உடலில் இருக்கும்போதே அதைக் கொடுத்தால், மார்ஃபினைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்து, தவிப்பைத் திடீரெனக் கிளப்பிவிடக்கூடும். ஏற்கனவே தலைவலிக்காரராக இருப்பவர் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து 3 மாதத்துக்கு மேல் அபினி வகை மருந்தை விழுங்கினால், அந்த மருந்தே தலைவலியை வளர்க்கும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

கடைசியாக ஒன்று. சில நாடுகளில் விற்கப்படும் கோடீன் மாத்திரையில் பாராசிட்டமாலோடு காஃபீனும் கலந்திருக்கும். நாளுக்கு எட்டு மாத்திரை போட்டவர் வேறு மருந்துக்கு மாறினால் கோடீனை மட்டுமா இழக்கிறார்? காஃபீன் நின்று 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் தலைவலி நம் வீடுகளுக்குப் புதிதன்று. விரத நாளில் காப்பியை விட்டவர்கள் மாலையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் அது. மருந்தை மாற்றுவதற்காகவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு வழக்கமான காலைக் காப்பியும் நின்றிருக்கக் கூடும். தலை எப்போது வலிக்கத் தொடங்கிற்று, பட்டை எத்தனை மணிக்கு ஒட்டப்பட்டது, கடைசி மாத்திரை எப்போது என்று குறித்துவைப்பவர்கள், கடைசிக் காப்பி எப்போது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.