பழைய வண்டியை உயர்த்துமுன்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், வடகீழ்ப் பருவமழை பெய்தால் வயற்பாதைகள் சேறாகிவிடும். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் வாவியைக் கடப்பது எளிதாயிற்று. ஆயினும், அப்பாலுள்ள பாதைகளிற் பழைய லாண்ட் றோவரைச் செலுத்துவோர் அதனை உயர்த்த விரும்புவது இயல்பே.

உயர்த்துமுன் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். 1948 இல் அறிமுகமான இவ்வண்டியின் தொடக்க வகைகளில், அச்சின்மேல் தகட்டு விற்களும் அவற்றின்மேற் சட்டமும் அமைந்துள்ளன. வளைவு மிகுந்த வில் சட்டத்தை மட்டுமே உயர்த்தும். அச்சிலே தாழ்ந்து நிற்கும் பற்சில்லுப் பெட்டி முன்போலவே பாதையின் நடுமேட்டில் முட்டும். அதனை உயர்த்துவது பெரிய சில்லே. அச்சில்லுக்கு இடந்தருவதே உயர்ந்த வில்லின் பயன்.

ஆகவே, முதலில் தொய்ந்த விற்களை மாற்றி வண்டியின் மூல உயரத்தை மீட்க வேண்டும். அதுவும் போதாதெனின் 2 அங்குலம் உயர்த்தலாம். மேலும் உயர்த்தினால் சுழல்தண்டின் மூட்டுகள் கோணித் தேயும். பிரேக் குழாய்கள் இழுபடும். திருப்பத்தில் வண்டி கவிழவுங் கூடும். வில்லின் வலிமையோ வழக்கமாக ஏற்றும் சுமைக்கு ஏற்றதாதல் வேண்டும். நெல்மூட்டைக்கான கனத்த வில் வெறும் வண்டியைத் துள்ளச் செய்யும்.

உயரம் சேற்றைக் கடக்க உதவும். ஓடும் வெள்ளத்தில் இறங்கும் துணிவை அது தரலாகாது.