மழைக்காலக் கோழிக்கூண்டு: ஈரம் உள்ளேயிருந்துதான் வருது

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்க டெல்டா பக்கம் கோழிக்கூண்டைச் சுற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவார்கள். சாரல் அடிக்கக் கூடாது, கோழி நடுங்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே உமி களியாகக் கிடக்கும். கோழி தும்மும், கண்ணில் நுரை கட்டும். மழையால் வந்த சீக்கு என்று சொல்லி, ரசாயன உரமே தொடாத விவசாயிகூட ஆன்டிபயாடிக் தூளை வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார். அதற்கு முன்னால் கூரைக்கு அடியில் காற்று போக இடம் இருக்கா என்று பார்க்கணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வளர்ந்த நாட்டுக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 150 முதல் 200 மில்லி தண்ணீர் குடிக்கும். 20 கோழி என்றால் 3, 4 லிட்டர். இதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் திரும்ப வெளியே வருது. புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சு வழியாகவே ஈரம் போகணும். வெயில் நாளில் தோப்பில் மேய்கிற கோழி இதில் பாதியை வெளியே விட்டுவிட்டு வரும். அடைமழை நாளில் எல்லாமே கூண்டுக்குள்தான். தினமும் குடத்தில் மொண்டு உமி மேல் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான் இது. தார்ப்பாய் மழையைத் தடுக்குது, கூடவே இந்த ஈரம் வெளியே போவதையும் தடுக்குது.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். காய்ந்து கிடக்கிற வரை அதனால் தொல்லை இல்லை. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியாவாக்கும். மூக்கைத் துளைக்கிற காரநெடி அதுதான். கோழியின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுவதற்கு நுண்மயிர்கள் இருக்கு. அமோனியா அவற்றை முடக்கிவிடும். அப்புறம் சளி பிடிக்க அதிக நேரம் ஆகாது. ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகளும் ஈரமான, வெதுவெதுப்பான உமியில் ஓரிரு நாளிலேயே தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். உலர்ந்த உமியில் அது அவ்வளவு சுலபமில்லை. இன்னொரு நஷ்டமும் உண்டு. அந்த நெடி, நம்ம எருவிலிருந்து காற்றில் பறக்கிற தழைச்சத்து. வயலுக்குப் போக வேண்டியது கோழியின் கண்ணைக் கெடுத்துட்டுப் போகுது.

கூண்டு எப்படி இருக்கு என்று தெரிய, காலையில் கதவைத் திறந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழி நிற்கிற உயரத்தில் மூச்சை இழுங்க. முதல் மூச்சில் தெரிவதுதான் கணக்கு. கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். நின்றபடி பார்த்தாலும் சரியாகத் தெரியாது. பிறகு ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்க. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரி. பிடிபடாமல் தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அதுவும் மூச்சுக்கு ஆகாது.

சூடான ஈரக்காற்று மேலே ஏறும். அதனால் அது போகிற வழியும் மேலேதான் இருக்கணும். நீளவாக்கில் இருக்கிற இரண்டு பக்கமும் கூரைக்குக் கீழே ஓர் அடி உயரத்துக்கு எப்போதும் திறந்தே இருக்கட்டும். வெறும் திறப்பாக விட்டால் கீரியும் மரநாயும் வரும், அரை இஞ்ச் சதுரக் கம்பிவலை அடித்துவிடுங்கள். கோழி அடைகிற கம்பு அந்தத் திறப்புக்குக் கீழே இருக்கணும். மேலே காற்று ஓடணும், ஆனால் உட்கார்ந்திருக்கிற கோழி மேல் நேராக அடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் குளிருக்குப் பயந்து முழுக்க மூடிவிடுகிறோம். இறகு உலர்ந்திருந்தால் நம்ம ஊர் மார்கழிக் குளிரெல்லாம் வளர்ந்த கோழிக்கு ஒன்றுமே இல்லை. நாலு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குத்தான் கதகதப்பு வேணும். அங்கேயும் கீழே மறைப்பு, மேலே திறப்பு என்பது மாறாது.

தார்ப்பாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுகிற விதத்தை மாற்றணும். மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிடுவதுதான் வழக்கம். அதைத் தலைகீழாக்குங்க: கீழ் ஓரத்தைச் சுவரில் பிடித்துக்கொண்டு, மேல் ஓரத்தில் கயிறு கட்டித் தேவைக்கு ஏற்ப மேலே இழுங்க. எவ்வளவு இழுத்தாலும் உச்சியில் ஓர் அடி மிச்சம் இருக்கும். அந்தத் திறப்பில் சாரல் விழாமல் இருக்கக் கூரை மூன்றடி வெளியே நீண்டிருக்கணும். கூண்டு கிழக்கு மேற்காக நீண்டிருந்தால், வாடைக்காற்றோடு வருகிற சாரல் வடக்குப் பக்கம்தான் அதிகம் அடிக்கும். அந்தப் பக்கத்தை ஏற்றிவிட்டு, தெற்கைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம். புயல் என்று அறிவித்தால் இதெல்லாம் செல்லாது, பஞ்சாரத்தில் கவிழ்த்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிடணும்.

தகரக் கூரையில் விடியற்காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துச் சொட்டும். ஒழுகுது என்று ஓட்டை தேடி அலைவார்கள். கோழி விட்ட மூச்சு குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீரானதுதான் அது. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் கோடைக்கும் நல்லது.

தரை சுற்றுப்புறத்தைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்கணும், இதை எல்லாரும் அறிவோம். அதிகம் கவனிக்காதது அடைகிற கம்புக்குக் கீழே இருக்கிற இடம். ராத்திரி எச்சமெல்லாம் அங்கேதான் விழும். ஒரு பழைய சாக்கை விரித்து, மேலே சாம்பலோ உலர்ந்த மண்ணோ தூவி, காலையில் அப்படியே சுருட்டிக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோய்விட்டால் உமியின் பாதிச் சுமை குறைந்துவிடும். தண்ணீர்ப் பாத்திரத்தை அந்தியில் வெளியே எடுத்துவிடுங்க, இருட்டில் கோழி குடிக்காது. உமியை மழைக்காலத்தில் தினமும் கிளறணும், கட்டியானதை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமி போட்டால் போதும். பூசணம் பிடித்த வைக்கோலையும் கடலைத்தோலையும் உள்ளே கொண்டுவராதீங்க. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் குஞ்சுகள் தாங்காது.

நெடி அடிக்கும்போது மேலே சுண்ணாம்பு தூவுகிற பழக்கம் இருக்கு. ஈர எச்சத்தில் சுண்ணாம்பு சேர்ந்தால் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். பழைய உமியை மொத்தமாக அள்ளி, தரையில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, அப்புறம் புது உமி பரப்புங்க.

கூண்டைச் சரிசெய்த பிறகும் கோழி பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தால் அது வேறு சங்கதி, பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கும். அதற்குக் காற்றோட்டம் மருந்தாகாது. மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்க.