சிறைக்குள் கட்டப்பட்ட ராக்கி

தீங்கு செய்தவரை மன்னிப்பது கிறிஸ்தவத்தில் வழிபாட்டோடு பிணைந்த கடமை. இயேசு கற்பித்த செபத்திலேயே, இறைவனிடம் மன்னிப்புக் கேட்பவர் பிறரையும் மன்னிக்க வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. இதைச் சொல்வது எளிது. கொலையாளியின் முன் நின்று செய்து காட்டுவது கடினம்.

கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். ஏழை விவசாயிகள் கந்துவட்டியிலிருந்து மீள அவர் துணை நின்றது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் இந்தூருக்குச் சென்றுகொண்டிருந்த அவரை ஓர் இளைஞர் பயணிகள் கண்ணெதிரே குத்திக் கொன்றார்.

அந்த இளைஞர் ஆயுள் தண்டனை பெற்றார். ராணி மரியாவின் தங்கை ஸெல்மி பாலும் துறவிதான். அவர் 2002இல் ரக்ஷா பந்தனையொட்டிச் சிறைக்குச் சென்று, கொலையாளியின் கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரராக ஏற்றார். சகோதரருக்குச் சகோதரி கட்டும் அந்தக் கயிற்றுக்கு வட இந்தியாவில் விளக்கமே தேவையில்லை.

மன்னிப்பு கிடைத்ததால் தண்டனை உடனே நீங்கிவிடவில்லை; இரண்டும் வேறு வேறு. குடும்பத்தாரும் திருச்சபையும் பரிந்து பேசிய பின், 2006இல் அந்த இளைஞர் விடுதலையானார். பிறகு கேரளம் சென்று, ராணி மரியாவின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அந்த விழாவில் அவரைக் கொன்றவரும் கலந்துகொண்டார்.